நெடுவேலியின் மூலக்கை

அந்தப் பங்குனியில் முதல் ஈடாகக் காய்ந்து வந்த மிளகாயைக் கைமானி என்ற சோதனைக் கருவி போலி என்றது. விளக்கு மட்டும் எரிந்து அணைந்திருந்தால் கண்டும் காணாமல் விட்டிருப்பார்கள். அது வாயைத் திறந்து, செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், சங்கக் கட்டடத்தில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "இது நெடுவேலி மோர்மிளகாய் அல்ல" என்று சொன்னது.

மிளகாய் செண்பகவடிவுடையது. நெடுவேலி மோர்மிளகாய் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் திருமேனிநாதனுடைய மனைவி அவள். தலைவர் வீட்டுச் சரக்குதான் முதலில் சோதனைக்குப் போக வேண்டும் என்று மேளம் வைத்து ஊர்வலமாக எடுத்துவந்திருந்தார்கள். மேளக்காரர்கள் இன்னும் வாசலில்தான் நின்றார்கள்.

"தட்டிப் பாருங்க அண்ணாச்சி, தூசி கீசி அடைச்சிருக்கும்" என்றார் பொருளாளர் ஆவுடையப்பன்.

தலைவர் தட்டினார். துண்டால் துடைத்தார். ரேஷன் கடையில் விரல் வைக்கிற பெட்டி அளவே இருந்த அந்தக் கருவியைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். வேறொரு மிளகாயை எடுத்து அதன் ஊசியில் குத்தினார். சிவப்பு. அதே குரல், அதே வாக்கியம். அடுத்தது ஆவுடையப்பன் வீட்டு மிளகாய். அதுவும் போலி. சாயங்காலத்துக்குள் ஊரில் இருந்த எல்லா வீட்டு மிளகாயும் போலியாகிவிட்டது.

செண்பகவடிவு சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் அவள் போட்டுவருகிற மிளகாய். அது நெடுவேலி மிளகாய் இல்லையென்றால் பிறகு எதுதான் நெடுவேலி மிளகாய்? எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அங்கே நின்ற ஆண்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் பெயர்க்காப்பு அலுவலகத்திலிருந்து திரேஸ் புஷ்பம் என்ற அதிகாரி வந்திருந்தார். நாகர்கோவில்காரர். ஆராய்ச்சி செய்துவிட்டு அரசு வேலைக்கு வந்தவர், ஆனாலும் புரியும்படி பேசத் தெரிந்தவர்.

"அதே மிளகாய், அதே தயிர், அதே உப்பு. பக்கத்து ஊர்ல போட்டா இந்த ருசி வரலை. ஏன்?" என்று கேட்டார்.

"தண்ணி" என்றார் ஒருவர். "மண்ணு" என்றார் ஆவுடையப்பன். "எங்க அம்மன் அருள்" என்றார் திருமேனிநாதன், கண்ணை மூடிக்கொண்டு.

"தண்ணியைப் பார்த்தாச்சு, மண்ணையும் பார்த்தாச்சு. அம்மனைச் சோதிக்க எங்ககிட்ட மெஷின் இல்ல" என்றார் அதிகாரி. "காரணம் கை. பகல்ல காய வைக்கிறீங்க, சாயங்காலம் திரும்ப மோர்ல போட்டுக் கையால கிண்டுறீங்க. அந்தக் கைத்தோல்ல குடியிருக்கிற நுண்ணுயிரி மோர்ல இறங்கி வளருது. கைமணம்னு சொல்றோம்ல, அது வெறும் பேச்சில்ல. நிஜமாவே அப்படி ஒண்ணு இருக்கு. ஊருக்கு ஊர் அது வேற."

"அப்ப ஆளுக்கு ஆளும் வேறதானே மேடம்?"

"தொடர்ந்து கிண்டுற கைகள்ல அப்படி இல்ல. மாமியார் கிண்டின பானையில மருமக கிண்டுவா. பக்கத்து வீட்ல உறைமோர் வாங்குவா. ஒரு தலைமுறைக்குள்ள எல்லாம் ஒரே உயிரியா ஆயிரும். அதனால ஊருக்கு ஒரு கையைப் பதிஞ்சா போதும். அதுக்கு மூலக்கைன்னு பேரு. அந்தக் கையோட ஒத்துப்போற சரக்கு மட்டும்தான் இனி நெடுவேலின்னு பேர் சொல்லலாம். மத்ததுக்குக் கடைத் தராசு அந்தப் பேரை அச்சடிக்காது. வெளியூர்ல எவனும் உங்க பேரை வச்சுப் பிழைக்க முடியாது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதிகாரி ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, கிண்டிக் கிண்டிப் பழகிய கையாகப் பார்த்து ஒன்றை அதில் பதிந்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். அவர் செய்த ஒரே தப்பு, அந்த வேலையைச் சங்கத்திடம் விட்டுப் போனதுதான்.

சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் மிளகாயை எடை போடுவார்கள், மூட்டை கட்டுவார்கள், லாரியில் ஏற்றுவார்கள், அதைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பானைக்குள் கை விட்டவர் ஒருத்தர் கிடையாது. யார் கையைப் பதிவது என்று முடிவு செய்யக் கூடிய கூட்டத்துக்கு உளுந்தவடையும் காப்பியும் பின்கட்டில் பெண்கள்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கிண்டுறது பொம்பளையதான். ஒரு பொம்பளை கையைப் பதிஞ்சு விட்டிரலாம்லா?" என்று யாரோ ஒருவர் ஆரம்பித்தார்.

ஆவுடையப்பன் சீறினார். "என்னவே பேசுதீரு? பொம்பளைய எல்லாம் வெளியூர்ல இருந்து கெட்டிக்கிட்டு வந்தவ. நம்ம ஊர்ல பொறந்தவள எல்லாம் வெளியூருக்குக் குடுத்தாச்சு. பூர்வீகக் கைன்னா நம்ம கைதான்வே. நாளைக்கே ஒருத்தி கோவிச்சுக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போயிட்டான்னா ஊர்ப் பேரும் அவ பின்னால பஸ் ஏறிப் போயிரும்லா?"

இந்த அறிவார்ந்த வாதத்தைக் கேட்டு எல்லாத் தலையும் ஆடியது. அப்போது காப்பித் தட்டோடு உள்ளே வந்த செண்பகவடிவுக்குத் தட்டு நழுவப் பார்த்தது. "கிண்டுறது நாங்க, கை ஒங்களுதா?" என்று கேட்டேவிட்டாள்.

"ஏட்டி, இது சட்டம். ஒனக்குப் புரியாது. காப்பியை வச்சிட்டுப் போ" என்றார் திருமேனிநாதன்.

அவள் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு யாருடைய கை என்பதில் ஐந்து பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் வேட்டியை இன்னொருவர் பிடித்து இழுக்கிற வரைக்கும் போனது. கடைசியில் ஊர்க்குளத்தை வெட்டியவர் தன் பாட்டனார் என்ற ஒரே தகுதியில் திருமேனிநாதன் ஜெயித்தார். பெட்டியில் கையைப் பதிந்தார். மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் எழும்பியது: அபயம் தருகிற சாமியைப் போல அவர் உள்ளங்கையைக் காட்டி நின்றார், கீழே "நெடுவேலியின் கை" என்று எழுதியிருந்தது. அந்தக் கையில் இருந்ததெல்லாம் முகப்பவுடரும், தலைச்சாயமும், மாலை வாங்கிய ஈரமும்தான்.

ஊரே போலி என்று ஆனதும் ஆண்கள் மறுபடி கூடி யோசித்தார்கள். தப்பை ஒத்துக்கொள்வது அவர்கள் யோசித்த வழிகளில் இல்லை. முதலில் தலைவரை வீடு வீடாக அனுப்பி ஒவ்வொரு பானையிலும் ஒரு தரம் கையை முக்கச் சொன்னார்கள். அவரும் ஜிப்பாக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, விபூதி கொடுக்கிற தோரணையில் முக்கியெடுத்தார். அதற்கும் சிவப்புதான். பெண்களின் கையிலிருந்து இறங்கிய உயிரி விடிவதற்குள் அவருடையதைத் தின்று தீர்த்திருந்தது.

பிறகுதான் ஆவுடையப்பனுக்கு அந்த மகா யோசனை உதித்தது. பானைகளைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவிவிடுவது. தலைவர் காய்ச்சி ஆறவைத்த பாலில் கை அலம்பித் தருவது. அது உறைந்ததும் வீட்டுக்கு ஒரு சொம்பு உறைமோராக எடுத்துக்கொள்வது. பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு கிண்டுவது. அந்தக் கை அலம்பிய பாலுக்கு "மூலத்தீர்த்தம்" என்று பெயரும் வைத்தார்கள். சிலர் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போனதைச் செண்பகவடிவு கண்ணால் பார்த்தாள்.

இந்த முறை கைமானி பச்சை காட்டியது. "இது அசல் நெடுவேலி மோர்மிளகாய்" என்றது குரல். மேளம் கொட்டியது. அந்த மிளகாயை எண்ணெயில் பொரித்தால், ஈரம் காயாமல் மடித்துவைத்த பனியன் வாடை அடித்தது. சென்னையிலிருந்து வந்த உணவு விமர்சகர் ஒருவர் அதைக் கடித்து, கண் கலங்கி, "மண்வாசனை" என்றார். ஏற்றுமதிக்காரர்கள் வாயில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. பச்சை விளக்கைப் பார்த்தார்கள், அள்ளிக்கொண்டு போனார்கள்.

"யக்கா, இதை நாய்க்குப் போட்டா நாய் வந்து நம்மளைக் கடிக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள். சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு கிண்டப் போனாள்.

திருமேனிநாதன் வீட்டுக்கும் ஒரு கட்டுக் கையுறை வந்தது. அவர் அதை மனைவியின் மடியில் போட்டார்.

"சங்கத்துல குடுத்தாவ. மாட்டிக்கோ."

"என் கைக்கு என்ன?"

"ஒன் கை சட்டப்படி போலி. நான் சொல்லலை, மெஷின் சொல்லுது."

இந்த மனுஷர் எத்தனையோ பேசியிருக்கிறார். சமைத்ததைக் குறை சொல்லியிருக்கிறார், பிறந்த வீட்டை இழுத்திருக்கிறார். அப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது, ஆறியிருக்கிறது. இது ஆறவில்லை. இத்தனை வருஷம் உப்பிலும் காரத்திலும் ஊறித் தடித்துப்போன கையை, அதில் வந்த சோற்றைத் தின்றவரே போலி என்று சொல்கிறார். அதுவும் துளிக்கூட வெட்கமில்லாமல், ஜிப்பாவுக்குப் பித்தான் போட்டுக்கொண்டே சொல்கிறார். அவளுக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

கைமானியின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அன்றைக்கே போன் போட்டாள். முறையாக ஆட்சேபணை சொல்ல வேண்டும் என்றாள். விஷயம் தலைவருக்கு முடிவெட்டிக்கொண்டிருந்த இடத்தில், செல்போனில் வந்த விசாரணை அழைப்பு மூலமாகத்தான் தெரிந்தது. பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு ஓடிவந்தார்.

"என்னட்டி, புருஷன் மேலயே கேஸ் போட்டிருக்க?"

"ஒங்க மேல போடலை. ஒங்க கை மேல போட்டிருக்கேன்."

"ஊர் சிரிக்கும்டி!"

"ஊர் சிரிச்சு முடிச்சாச்சு. நீங்கதான் பாக்கலை." அவள் குரலைத் தணித்தாள். "இன்னா பாருங்க. பெரிய சோலி ஒண்ணும் இல்ல. நான் ஒரு நாளும் கிண்டினதில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. என் கையை வேண்டாம், இசக்கி கையை வேணும்னாலும் பதிஞ்சுக்கிடட்டும். ஊர் மிளகா ஊருக்கு வந்துரும்."

"பஸ் ஸ்டாண்டுல பேனர் இருக்கு."

"கழத்திருங்க."

கட்டியிருக்கிற வேட்டியைக் கழற்றச் சொன்னதுபோல அவர் அவளைப் பார்த்தார். பிறகு மீதி முடியை வெட்டிக்கொள்ளப் போய்விட்டார்.

விசாரணை கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் திரேஸ் புஷ்பம் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். இசக்கியம்மாளும் மற்றவர்களும் செண்பகவடிவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். பேசுவதாகச் சொல்லித்தான் வந்தார்கள். எதிர்ப்பக்கம் அவரவர் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் அத்தனை பேருக்கும் தரை சுவாரஸ்யமாகிவிட்டது. செண்பகவடிவுக்கு அவர்கள் மேலும் கோபம் வந்தது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார் அதிகாரி. "மூலக்கை தப்புன்னு யார் வேணும்னாலும் ஆட்சேபணை சொல்லலாம். ஆனா அதை மாத்தணும்னா, கையைப் பதிஞ்சவரே சொல்லணும். சட்டத்தை அப்படி எழுதி வச்சிருக்காங்க. ஐயா, இது உங்க கைமணம் இல்லன்னு சொன்னா உங்களுக்குத் தண்டனை ஒண்ணும் கிடையாது. பேர் மட்டும் மாறும். நீங்க ஆமா என் கைதான்னு சொல்லி, கிண்டியும் காட்டிட்டா, ஆட்சேபணை தள்ளுபடி. ஆட்சேபணை சொன்னவங்க கை போலிக் கைன்னு பதிவாயிரும். அப்புறம் அவங்க தொட்ட சரக்கு நெடுவேலிப் பேர்ல என்னைக்குமே விற்க முடியாது. புரியுதா?"

செண்பகவடிவு புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது. தண்டனை கிடையாது என்கிறார்கள். ஒரு வரி. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்காக ஒரு வரி சொல்ல மாட்டானா?

திருமேனிநாதன் எழுந்தார். புதுப் பொன்னாடை போட்டிருந்தார். போட்டோக்காரன் இருக்கிற பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"நாப்பது வருஷமா கிண்டுத கை மேடம் இது. எங்க வீட்ல அவ சும்மா பக்கத்துல நிப்பா. எடுத்துக் குடுப்பா, வைப்பா. ஏதோ வீட்டுக் கோவத்துல இப்படிச் செஞ்சுட்டா. நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கிடாதீங்க."

நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. ஆண்கள் பக்கம் கைதட்டியது.

பானை வந்தது. ஊசியால் குத்திய பச்சைமிளகாய், கல்லுப்பு, நன்றாகப் புளித்த தயிர். செண்பகவடிவுக்கு அதன் வாடையே போதும், எவ்வளவு காரம் என்று தெரிந்துவிடும். நல்ல காரம். தலைவர் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டுக் கிண்டினார். முதலில் சிரித்துக்கொண்டேதான் கிண்டினார். பிறகு சிரிப்பு அப்படியே நிற்க, கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. நெற்றி வியர்த்தது. அதிகாரி "போதும் ஐயா, எடுத்திருங்க" என்றார். போட்டோக்காரன் "அண்ணாச்சி, இந்தப் பக்கமா ஒண்ணு" என்றான். அவர் அந்தப் பக்கமாகவும் கிண்டினார்.

அடியிலிருந்து மிளகாயைப் புரட்டுகிறவளுக்குத் தெரியும், எங்கே விரலை மடக்க வேண்டும், எங்கே புறங்கையால் தள்ள வேண்டும் என்று. அவர் மாவு பிசைவதுபோல நசுக்கினார். நசுங்கிய மிளகாயின் விதையெல்லாம் நகக்கண்ணில் ஏறியது. ஒரு வரி சொல்வதைவிட இது அவருக்கு லேசாக இருக்கிறதென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கைமானி பச்சை காட்டியது. காட்டாமல் என்ன செய்யும், பதிந்த கையே கிண்டியிருக்கிறது. ஆட்சேபணை தள்ளுபடியானது. செண்பகவடிவு மேடை ஏறி, பெட்டியில் உள்ளங்கையை வைத்தாள். "போலிக் கை. பதிவு செய்யப்பட்டது" என்றது அந்தப் பெண்குரல், திருமண வாழ்த்துச் சொல்கிற மாதிரி.

அதிகாரி திருமேனிநாதனின் கையைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார். "கொப்புளம் கிளம்புதே. இது உரிஞ்சா ஆடியில மறுசோதனை வைக்கணும் ஐயா. புதுத்தோல் வெறும் வீடு மாதிரி. எந்தக் கை அதைத் தொட்டுத் தொட்டுப் பழகுதோ, அந்தக் கையோட உயிரிதான் அதுல குடியேறும். அதனால மத்தவங்க தொடாம, ஆஸ்பத்திரி மருந்து மட்டும் போடுங்க. என்ன?"

"சரி சரி மேடம்" என்றார் தலைவர், கையை உயர்த்திப் போட்டோக்காரனைத் தேடியபடி. அவர் கேட்கவில்லை. கேட்டது செண்பகவடிவு.

எரிகிற கையை என்ன செய்வது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஆவுடையப்பன் சொன்னாரென்று வெந்நீரில் முக்கினார். அது போதாதென்று மண்ணெண்ணெய் ஊற்றினார். இரண்டு நாளில் இரண்டு கையும் வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி உரிந்து வந்தது. சோறு பிசைய முடியவில்லை, பித்தான் போட முடியவில்லை. நெடுவேலியின் கைக்கு யாராவது வாயில் ஊட்ட வேண்டியிருந்தது. மருந்து வாங்கினார்தான், அது காந்துகிறது என்று ஒரே நாளில் தூர எறிந்துவிட்டார்.

"ஏட்டி வடிவு" என்று கூப்பிட்டார். "எரிச்சல் தாங்க முடியலை. கொஞ்சம் தயிர் கியிர் தடவி விடேன்."

"மத்தவங்க தொடக் கூடாதுன்னு அந்த மேடம் சொன்னாவளே?"

"நீ என்ன மத்தவளா?"

கட்டின நாளாக அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறொரு சமயம் கேட்டிருந்தால் அவள் மனசு இளகியிருக்கும். ஆனால் மேடையில் "சும்மா பக்கத்துல நிப்பா" என்று சொன்ன வாய் அது. அவள் அதையும் மறக்கவில்லை, அதிகாரி சொன்னதையும் மறக்கவில்லை.

வீட்டில் தின்பதற்கென்று அவள் தன் பானையை விடாமல் வைத்திருந்தாள். பெயர் சொல்லி விற்கத்தானே சட்டத்தில் தடை. சாயங்காலம் வெறுங்கையால் அதைக் கிண்டிய பிறகு, காரம் போகக் கையை அலம்பிவிட்டு, உப்புச் சேர்க்காமல் தனியே எடுத்துவைத்த தயிரை அள்ளி, அதே கையால், அவருடைய விரல் விரலாகத் தடவிவிட்டாள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஊரில் எந்தப் பெண்சாதியும் செய்கிற வேலைதான். இசக்கியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னதான் இருந்தாலும் புருஷன்லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"ஒங் கை குளுந்து கெடக்கு" என்றார் திருமேனிநாதன் ஒரு நாள், கண்ணை மூடியபடி.

"போலிக் கைதானே" என்றாள் அவள்.

அவர் அதற்குள் தூங்கிவிட்டார். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. கையில் சின்னப்பிள்ளைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது.

ஆடியில் மறுசோதனை. சங்கம் அதை விழாவாகவே வைத்துவிட்டது. நிரந்தர முத்திரை வரப்போகிறது என்று மண்டபத்தில் தோரணம் கட்டினார்கள், ஏற்றுமதிக்காரர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். திருமேனிநாதன் புதுக்கையை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே மேடைக்குப் போய்ப் பெட்டியில் வைத்தார்.

சிவப்பு.

"இது நெடுவேலியின் மூலக்கை அல்ல" என்றது குரல். "இது போலிக் கை."

தலைவர் அசடு வழியச் சிரித்தார், பெட்டியைத் தட்டினார், கையை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அது மறுபடி அதையே சொன்னது. ஏற்றுமதிக்காரர் ஒருவர் எழுந்து செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆவுடையப்பன், தலைவருக்குப் பக்கத்தில் போட்டிருந்த தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

திரேஸ் புஷ்பம் திரையில் எதையோ பார்த்தார். பிறகு நிமிர்ந்து பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று செண்பகவடிவுக்குத் தெரிந்தது.

"ஐயா" என்றார் அதிகாரி. "உங்க கையில இப்ப இருக்கிறது வேற ஒருத்தர் கைமணம். போன வருஷம் பதிஞ்சது அழிஞ்சு போச்சு. இனிமே ரெண்டே வழி. இது யாரோட கைமணம், அவங்கதான் இந்த ஊர் மிளகாயைக் கிண்டுறவங்கன்னு நீங்க உங்க வாயால சொல்லணும். சொன்னா அந்தக் கையை மூலக்கையா பதிஞ்சுக்கிறோம், அவங்க மேல இருக்கிற போலிப் பதிவையும் எடுத்திருவோம். சொல்லலைன்னா மூலக்கை இல்லாத ஊர்னு முடிச்சிருவேன். நெடுவேலிங்கிற பேரை அப்புறம் யாருமே சொல்லி விற்க முடியாது, நீங்களும் சேர்த்துத்தான்."

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றார் தலைவர். குரல் கீச்சென்று வந்தது. "காத்துல எதும் வந்திருக்கும்..."

"சொல்லும்வே!" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சொல்லித் தொலையும்!" என்றது இன்னொன்று. அதைச் சொன்னது ஆவுடையப்பன். பூர்வீகக் கை பேசின அதே ஆவுடையப்பன்.

பெண்கள் பக்கம் யாரும் தரையைப் பார்க்கவில்லை. இசக்கியம்மாள், விழாவுக்கென்று சங்கம் மாட்டச் சொல்லியிருந்த கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மடியில் வைத்தாள்.

திருமேனிநாதன் தன் கையைப் பார்த்தார். தினமும் இரண்டு வேளை அதைத் தொட்டவள் யார் என்று யோசிக்க அவருக்கு நேரமாகவில்லை. மெல்லத் தலையைத் தூக்கி, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தார். காப்பாற்று என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, ஒன்றும் வரவில்லை.

செண்பகவடிவு முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "வாய் எரியாது."